சாட்சி இல்லாத நன்றி

உலகெங்கும் பரவியிருக்கும் திருச்சபைகளுக்கும், அவற்றின் கமிட்டிகளுக்கும், துணைக் கமிட்டிகளுக்கும், லிஃப்ட் வசதியுள்ள சகல கட்டடங்களின் குடியிருப்போர் சங்கங்களுக்கும் மிகுந்த பணிவோடும் சற்றே நடுக்கத்தோடும் தெரிவித்துக்கொள்வது: எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மனிதர், தக்க காரணம் எதுவும் இல்லாமல், தமக்கு உறவோ கடமையோ இல்லாத இன்னொரு மனிதருக்கு முதுகு தேய்த்துவிட்டார். ஒருநாள் அல்ல, தினமும். இதைக் கமிட்டி கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பிறகு கமிட்டிக்குச் சரியான தூக்கம் இல்லை.

தூக்கம் கெட்டதில் நியாயம் உண்டு. எங்கள் சபையில் நன்றிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் கஷ்டம் வரவேண்டும். பிறகு ஜெபம். பிறகு கஷ்டம் தீரவேண்டும். தீர்ந்தவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டும். அப்படிச் சொன்னவருக்குத்தான் ஊழியம். அதிலும் தராதரம் உண்டு. ஆபரேஷன் மேசையிலிருந்து மீண்டு வந்தவர் காணிக்கைப் பை பிடிக்கலாம். விபத்தில் தப்பியவர் வாசலில் நின்று கைகுலுக்கலாம். சிறுநீரகக் கல் நடுத்தர வகுப்பு. பாட்டுப் புத்தகம் கொடுக்கலாம். வெறும் இருமல் நின்றவருக்கு நாற்காலி அடுக்கும் பாக்கியம்.

கொஞ்சம் வசதியானவர்கள் ஊழியத்தோடு நிற்பதில்லை, பொருளாகவும் தருவார்கள். அதனால் எங்கள் ஆலயத்தில் மின்விசிறி, கடிகாரம், பெஞ்ச் எல்லாவற்றிலும் ‘நன்றியறிதலாக’ என்று போட்டு ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கும். கை கழுவும் தொட்டிகூட அப்படித்தான். முகம் கழுவக் குனிந்தால் ஒரு வம்சமே கீழேயிருந்து நம்மை நிமிர்ந்து பார்க்கும்.

இந்த எழுத்துகளையெல்லாம் இலவசமாக எழுதித் தருபவர் எங்கள் செயலாளர். அவருக்குப் பெயிண்ட் கடை. சபைக்குச் செயலாளராக அவர் எப்போது வந்தார் என்பது இப்போதிருக்கும் யாருக்கும் நினைவில்லை. போகும் உத்தேசம் அவருக்கும் இல்லை. சந்தேகம் அவருக்குத் தொழிலோடு வந்தது. ஒரு சுவர் பளபளவென்று இருந்தால் மற்றவர்கள் அழகு என்பார்கள். அவர் விரலால் தட்டிப் பார்த்து, “உள்ளே ஈரம் இருக்கு. மறைக்கத்தான் பூசியிருக்காங்க” என்பார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் ஆபத்து. சுவர்களிடம் பலித்த வித்தையை அவர் மனிதர்களிடமும் காட்டத் தொடங்கிவிட்டார்.

செயலாளரின் வீடு நாலாவது மாடியில். அங்கே உள்ளறையில் அவர் மாமனார் படுத்திருந்தார். காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கண்டக்டர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. விழாத பக்கத்தில் வாய் இருந்தது. உருவத்தில் பெரியவர், அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு ஆள் வேண்டும். இருந்தது ஓர் ஆள், அவர் மகள். திரைச்சீலை தைப்பது அவர் தொழில் என்பதால் சபையில் எல்லோருக்கும் தையலக்கா.

அக்காவின் இடுப்பு போய்விட்டது. இன்னும் ஒரு தடவை அப்பாவைத் தூக்கினால் அதே அறையில் இன்னொரு கட்டில் போடவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பளத்துக்கு வந்த ஆட்கள் கண்டக்டரின் வாயைத் தாங்கமுடியாமல் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். மிச்சம் இருந்தது ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் கண்டக்டர் பழைய கூட்டாளி ஒருவரைப் பார்க்க அங்கே போயிருக்கிறார். திரும்பி வந்து மகளிடம் சொன்னார்: “எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்கம்மா. பஸ் நிறுத்திட்ட ரூட்டுல பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. என்னை அங்கே மட்டும் இறக்கிவிட்டுடாதே.” இறக்கமாட்டேன் என்று அக்கா சொல்லியிருந்தார்.

இந்த நிலையில்தான் லிஃப்ட்காரர் வந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கண்டக்டரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று அந்தக் கட்டடத்து லிஃப்ட் வழக்கம்போல் பாதியில் நின்றிருந்தது. பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்டக்டரை நாற்காலியோடு சேர்த்து மாடிவரை தூக்கிப்போனார். தூக்கப்பட்டவர் வழியெல்லாம் திட்டினார். கட்டிலில் கிடத்தும்போது அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்ததை லிஃப்ட்காரர் பார்த்தார். மறுநாள் காலை கதவைத் தட்டினார்.

“எனக்கு மத்தியானம்தாங்க ஷிஃப்ட். ஐயாவைக் குளிப்பாட்டிட்டுப் போகட்டுமா?”

அன்று தொடங்கியது.

“ஏய் லிஃப்ட்டு, தண்ணி கொதிக்குது. என்னைக் குளிப்பாட்டுறியா, அவிக்கிறியா?”

“கொஞ்சம் பொறுங்க. வெந்ததும் எடுத்துடறேன்.”

“எதுக்குய்யா இந்த வேலை உனக்கு? உன் சாமி கணக்குல வரவு வைக்குமா?”

“வைக்காதுங்க. என் கணக்கை அவர் எப்பவோ தீர்த்துட்டார்.”

“அப்ப நீ சுத்த லூசு.”

“இடது கையைத் தூக்கறேன். பல்லைக் கடிச்சுக்குங்க.”

லிஃப்ட்காரர் வேலை செய்யும்போது ஏதாவது முனகிப் பாடுவார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்த செயலாளருக்குக் கண்டக்டரின் திட்டைத் தவிர அது மட்டும்தான் கேட்டது. ராகம் தப்பாக இருந்தது. அவர் மேல் நிரூபிக்க முடிந்த ஒரே குற்றம் அது.

செயலாளர் முதலில் வீட்டிலிருந்த ஸ்பூன்களை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தன. மறுபடியும் எண்ணினார்.

“ஸ்பூனுக்கெல்லாம் வரலை. பெருசா எதுக்கோ வந்திருக்கான்.”

“பெருசா என்னங்க இருக்கு நம்ம வீட்டுல?” என்றார் அக்கா. “எங்கப்பாதான் இருக்கார். அவரைத் தூக்கிட்டுப் போனாலும் சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவாங்க.”

“உங்கப்பாவுக்கு எங்கேயாவது நிலம் கிலம் இருக்கா?”

“ஒரு விசில் இருக்கு. தோல் பை ஒண்ணு இருக்கு, ஜிப் அறுந்தது.”

செயலாளர் விசிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வெறும் பித்தளைதான். நிலம் இல்லை என்றானதும் அவர் புத்தி ஆலயத்தின் பக்கம் திரும்பியது. லிஃப்ட்காரர் எங்கள் சபைக்கு வரத் தொடங்கிக் கொஞ்சகாலம் ஆகியிருந்தது. கடைசி பெஞ்சில் உட்காருவார், முடிந்ததும் போய்விடுவார். கமிட்டித் தேர்தல் வரும் பருவம். நாலு வீட்டில் இப்படி முதுகு தேய்த்தால் நாலு வீட்டு ஓட்டு.

“இப்பப் புரியுது,” என்றார் செயலாளர். “என் நாற்காலிக்குத்தான் வர்றான். என் வீட்டு பாத்ரூம் வழியா வர்றான்.”

“ஏங்க, அவர் வராட்டி யார் தூக்குறது? நீங்களா?”

“எனக்குக் குடலிறக்கம் இருக்குன்னு தெரியாதா உனக்கு?”

“போன வாரம் பெரிய பெயிண்ட் டின்னைத் தோள்ல வெச்சு மாடிப்படி ஏறுனீங்க.”

“அது வியாபாரம்.”

அக்கா தையலுக்குத் திரும்பினார். ஊசியில் நூல் கோத்தார். நூல் உடனே ஏறவில்லை.

கமிட்டி ஆலயத்தின் பின்னறையில் கூடியது. உடைந்த மைக்குகளும், சாயம் போன திரைகளும், யார் நன்றியறிதலாகவோ கொடுத்து ஒருநாளும் ஓடாத ஒரு கடிகாரமும் அங்கே இருந்தன. கமிட்டி என்றால் மூன்று பேர். செயலாளர், எங்கள் பொருளாளரான ஆடிட்டர், போதகர். ஆடிட்டர் ஓய்வுபெற்ற பிறகும் உலகத்தைத் தணிக்கை செய்வதை நிறுத்தாதவர். போதகர் இளைஞர், நல்லவர். வாயைத் திறக்குமுன் செயலாளரின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

“உட்காருங்க பிரதர். இது விசாரணை எல்லாம் இல்லை,” என்றார் செயலாளர். அவர் அப்படிச் சொன்னதும் அது விசாரணை என்று லிஃப்ட்காரர் புரிந்துகொண்டு, உட்காராமல் நின்றார்.

“எங்க வீட்டுக்கு வந்து எங்க மாமனாரைக் குளிப்பாட்டுறீங்க. சந்தோஷம். ஏன்?”

“அக்காவால தூக்க முடியலைங்க.”

“அது அவங்க காரணம். உங்க காரணம் என்ன?”

லிஃப்ட்காரர் யோசித்தார். “நன்றிதாங்க.”

“யாருக்கு?”

“ஆண்டவருக்கு.”

செயலாளர் ஆடிட்டரைப் பார்த்தார். பிடிபடப்போகிறவன் எப்போதும் பெரிய இடத்துப் பெயரைத்தான் இழுப்பான் என்பது அந்தப் பார்வையின் பொருள்.

“என்னத்துக்கு நன்றி?” என்று ஆடிட்டர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “வியாதி ஏதாவது குணமாச்சா?”

“பெருசா வியாதி எதுவும் வந்ததில்லைங்க.”

“லிஃப்ட் அறுந்து விழுந்து, அதுல நீங்க மட்டும் தப்பிச்சு…” ஆடிட்டர் எடுத்துக்கொடுத்தார்.

“நான் பார்க்கிற லிஃப்ட் அறுந்து விழாதுங்க.” அவர் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் ரோஷம் வந்தது.

“சரி. கல்யாணம், குழந்தை, வேலை? ஏதாவது தட்டிப்போய்க் கடைசி நிமிஷத்துல கூடி வந்துச்சா?”

“எல்லாருக்கும் நடக்கிற மாதிரி அதது நேரத்துல நடந்துச்சுங்க.”

“பின்னே ஆண்டவர் உங்களுக்கு என்னதான்யா பண்ணினார்?”

“எனக்காக செத்தாருங்க.”

பின்னறையில் எல்லோருக்கும் சங்கடமாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் யாரோ எழுந்து நின்று பசிக்கிறது என்று சொல்லிவிட்டதைப் போல. போதகர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆடிட்டர்தான் முதலில் சுதாரித்தார்.

“அது பொதுவா எல்லாருக்கும் செஞ்சது பிரதர். உங்களுக்குன்னு தனியா என்ன?”

“தனியா எதுவும் இல்லைங்க. இதுவே எனக்குப் பெருசா இருக்கு.”

“எங்களுக்கும்தான் பெருசா இருக்கு,” என்றார் செயலாளர். “அதுக்காக நாங்க என்ன ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் குளிப்பாட்டிக்கிட்டா திரியறோம்?”

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி தம்மையே பார்த்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. தொண்டையைக் கனைத்து அதை அப்புறப்படுத்தினார். லிஃப்ட்காரரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கமிட்டி ஆலோசித்தது.

“ஏதோ மறைக்கிறார்,” என்றார் ஆடிட்டர். “வவுச்சரே இல்லாத செலவு இது. இப்படி ஒண்ணை நான் சர்வீஸ்ல பார்த்ததே இல்லை.”

“ஒருவேளை உண்மையாவே…” என்று தொடங்கிய போதகர், செயலாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஜெபிப்போம்” என்று முடித்தார்.

முடிவு இதுதான். வரும் ஞாயிறு லிஃப்ட்காரர் சபைக்கு முன்னால் முறைப்படி சாட்சி சொல்லவேண்டும். தக்க சாட்சி என்று கமிட்டிக்குத் திருப்தி ஏற்பட்டால் ஊழியத்தைத் தொடரலாம். இல்லாவிட்டால் செயலாளர் வீட்டுப் படி ஏறக்கூடாது.

“அதுவரைக்கும்?” என்று கேட்டார் போதகர்.

“அதுவரைக்கும் குளிப்பாட்டட்டும்,” என்றார் செயலாளர். “ஆனா தற்காலிகமா.”

அன்று சாப்பிடும்போது செயலாளர் மனைவியிடம் செய்தியைச் சொன்னார். “இல்லத்துல விசாரிச்சுட்டேன். ஒரு கட்டில் காலியா இருக்காம். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் முடிவைச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். உன் இடுப்புக்காகத்தான் சொல்றேன், பாரு.”

உள்ளறையிலிருந்து கண்டக்டரின் குரல் வந்தது. “பாப்பா, வெளியே என்ன பேச்சு?”

“ஒண்ணும் இல்லைப்பா. சாம்பல் கலர் பெயிண்ட் தீர்ந்துபோச்சாம்.”

மறுநாள் காலை லிஃப்ட்காரர் வேலையை முடித்து இறங்கும்போது அக்கா படிக்கட்டுவரை கூடவே வந்தார். ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

“ஞாயித்துக்கிழமை ஏதாவது சொல்லிடுங்களேன்.”

“என்னத்தைச் சொல்றது அக்கா?”

“ஏதாவது ஒரு வியாதி. சின்னதா. ஒரு கிட்னி கல்லு போதும்.”

“எனக்குக் கல்லே வந்ததில்லையே.”

“உங்க வீட்ல யாருக்காவது?”

“பல்லு ஒண்ணு சொத்தையா இருந்துச்சு, என் சம்சாரத்துக்கு. அதைப் பிடுங்கிட்டாங்க.” கொஞ்சம் யோசித்து, “பிடுங்கினது டாக்டர்,” என்று நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார்.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். “நீங்க சரியா சொல்லலைன்னா அப்பாவை அங்கே கொண்டுபோய் விட்டுடுவார். தெரியும்ல?”

“தெரியுங்க.”

“அப்புறம் என்னங்க? ஒரே ஒரு பொய்.”

லிஃப்ட்காரர் கையிலிருந்த ஸ்பானர் பையைக் கீழே வைத்தார். “அக்கா, இந்த வேலையே அவருக்கு நன்றியாத்தான் செய்யறேன். அவர் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டு அப்புறம் யாருக்கு நன்றியா செய்யறது? எனக்குக் கொடுத்தவருக்கு நான் திருப்பி ஒண்ணும் கொடுக்க முடியாது. குளிப்பாட்டிவிடுன்னு அவர் என்கிட்ட வரமாட்டார். உங்கப்பா இருக்கார், கைக்கு எட்டுற தூரத்துல. அவ்வளவுதான் விஷயம்.” பையை எடுத்துக்கொண்டார். “ஆண்டவரா இருந்தா இப்படிக் கத்தவும் மாட்டார்.”

நல்ல மனிதர்களால் இதுதான் தொல்லை. அவர்கள் நல்லவர்களாக இருப்பதற்கான செலவை எப்போதும் பக்கத்தில் இருப்பவர்கள் ஏற்கவேண்டியிருக்கிறது. அக்கா அன்று முழுக்கத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தார். ஒரு திரைச்சீலையைத் தலைகீழாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தார்.

ஞாயிறு வந்தது. லிஃப்ட்காரருக்கு முன்னால் சாட்சி சொன்னவர் தம் பித்தப்பைக் கல்லை ஒரு சிறு பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பாட்டில் பெஞ்ச் பெஞ்சாகக் கைமாறிச் சுற்றி வந்தது. சபை உருகிப்போயிற்று. அந்த உருக்கம் ஆறுமுன் லிஃப்ட்காரர் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை. முன் பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஆண்டவர் எனக்கு நல்லது செஞ்சிருக்கார். உங்களுக்குச் செஞ்சதேதான். கண்டக்டர் ஐயாவுக்கு முதுகுல படுக்கைப் புண்ணு இருந்துச்சு, இப்ப ஆறிட்டு வருது. ஸ்தோத்திரம்.”

உட்கார்ந்துவிட்டார். சபை இன்னும் காத்துக்கொண்டிருந்தது. தலைப்புச் செய்தியைச் சொல்லிவிட்டு மனிதர் மூச்சு வாங்குகிறார், விபத்து இனிமேல்தான் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. பித்தப்பைக்காரர் தம் பாட்டிலைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

“செல்லாது,” என்றார் ஆடிட்டர். “புண்ணு கண்டக்டரோடது. ஆறினா அது கண்டக்டரோட சாட்சி. அடுத்தவர் புண்ணை இவர் பேர்ல எப்படி எழுதறது?”

“நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேனே,” என்றார் செயலாளர். “சபைக்கு முன்னாடியே வாயைத் திறக்கலை பாருங்க. எவ்வளவு பெரிய திட்டமா இருந்தா இவ்வளவு கெட்டியா மூடி வைப்பான்?” சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். “நான் இல்லத்துக்குச் சொல்லிடறேன். நாளைக்குக் காலையில வேன் அனுப்பிடுவாங்க.”

அப்போது கதவு திறந்தது. தையலக்கா நின்றார். கமிட்டி கூடியிருக்கும்போது கதவைத் தட்டாமல் யாரும் திறந்ததில்லை.

“அவர் எதுக்கு வர்றார்னு எனக்குத் தெரியும்,” என்றார்.

போன் செயலாளரின் காதுக்குப் போகும் வழியில் நின்றது.

“சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன். ரொம்ப வெட்கப்படறார் மனுஷன்.” அக்கா துணியின் நெசவைத் தடவிப் பார்ப்பவர்போல மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அவருக்குக் கல்வெட்டு வேணுமாம்.”

“என்னது?”

“பேர் போட்டு ஒரு கல்வெட்டு. ஆலயத்துல, வாசல் பக்கமா, வர்றவங்க போறவங்க எல்லாம் பார்க்கிற இடத்துல. அதுக்குத்தான் இவ்வளவு பாடு படறார். வாய்விட்டுக் கேட்கத் தெரியலை.”

செயலாளர் மூச்சை விட்டார். எத்தனையோ நாளாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு. முகத்தில் ரத்தம் ஓடியது.

“அப்படிச் சொல்லு,” என்றார். “ஈரம் இருக்குன்னு நான் சொன்னேனா இல்லையா? கல்வெட்டு. சரிதான். பாவம், இதைக் கேட்கவா இந்த மனுஷன் இத்தனை தண்ணி ஊத்தினார்?”

“நியாயமான ஆசைதான்,” என்றார் ஆடிட்டர். அவர் முகத்திலும் கணக்கு நேரான நிம்மதி. “எவ்வளவு பெருசா கேட்டார்?”

இந்தக் கேள்வியை அக்கா எதிர்பார்க்கவில்லை. “நடுத்தரமா,” என்றார்.

“அடக்கமான மனுஷன்,” என்றார் ஆடிட்டர்.

“வேற ஏதாவது கேட்டாரா?” செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “தேர்தல், கீர்தல்?”

“பேர் மட்டும் கல்லுல இருந்தாப் போதுமாம். தேர்தல்ல நிக்கமாட்டாராம்.”

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இது நடிப்பல்ல, அவர் உண்மையாகவே உருகக்கூடியவர், எதிராளிக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்த பிறகு. “தங்கமான ஆளுங்க,” என்றார். “சொந்தத் தகப்பன் மாதிரிப் பார்த்துக்கிறார் என் மாமனாரை. இவரைப் போய் அனாவசியமா சந்தேகப்பட்டுட்டீங்களே ஆடிட்டர்.”

போன் சட்டைப்பைக்குள் திரும்பிப் போனது. அது போய்ச் சேரும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தவரைப் போதகர் தாழ்வாரத்தில் எட்டிப் பிடித்தார். “சிஸ்டர், கல்வெட்டு வேணும்னு அவர் எப்பக் கேட்டார்?”

“ஐயா, நீங்க அதைக் கேட்காம இருந்தா நான் ரெண்டாவது பொய் சொல்லாம இருப்பேன்.”

போதகர் சற்று நேரம் தரையைப் பார்த்தார். இறையியல் கல்லூரியில் இந்தப் பாடம் நடந்த அன்று அவர் விடுப்பில் இருந்திருக்கவேண்டும்.

“நான் எதுவும் கேட்கலை,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை, தண்ணீர் சுடவைத்துக்கொண்டே அக்கா நடந்ததைச் சொன்னார். “உங்க பேரைக் கெடுத்துட்டேன். நீங்க புகழுக்கு அலையறவர்னு சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க.”

லிஃப்ட்காரரின் முகம் சுருங்கியது. வாளியைக் கீழே வைத்தார். இந்த மனிதர் இப்போதே ஆலயத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று அக்காவுக்குப் பயம்.

“பொய் சொல்லியிருக்கீங்களே அக்கா,” என்றார் கடைசியில்.

“ஆமா. என் பொய். உங்களுது இல்லை. அதுக்கு நானே பதில் சொல்லிக்கிறேன் அவர்கிட்ட.”

“டேய் லிஃப்ட்டு,” கட்டிலிலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார், “எல்லாம் காதுல விழுந்துச்சு. உனக்காக என் பொண்ணு பொய் சொல்லலை. எனக்காகச் சொல்லியிருக்கு. அதனால நீ இதுல ஏறவே வேணாம், ஓரமா நில்லு. இப்ப என்னைத் தூக்கப் போறியா, இல்லை இப்படியே ஆறவிட்டுடப் போறியா?”

லிஃப்ட்காரர் அக்காவைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். பிறகு சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியை எடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாயிற்று. செயலாளர் குளியலறைக் கதவுப் பக்கம் காது வைப்பதில்லை. லிஃப்ட்காரருக்குத் தாமே காபி கொண்டுவந்து வைத்தார். கடைக்குப் போகும்போது அலமாரிச் சாவியை மேசைமேல் விட்டுவிட்டுப் போனார். இந்த ஆளுக்கு வேண்டியது பெயர். பெயருக்கு அலைபவன் ஸ்பூன் எடுக்கமாட்டான். வாசலில் எதிர்ப்பட்டால் தோளில் தட்டி, “எல்லாம் நல்லபடியா ரெடியாகுது” என்று கண்ணைச் சிமிட்டுவார். லிஃப்ட்காரர் பதிலுக்கு, “ஐயாவுக்கு இன்னைக்கு ஒரு விரல் அசைஞ்சுதுங்க” என்பார். இருவரும் தத்தம் செய்தியில் மகிழ்ந்து பிரிவார்கள்.

கல்வெட்டுத் திறப்பு விழாவுக்கு ஆலயம் நிரம்பி வழிந்தது. வாசல் சுவரில், ஆடிட்டர் அளந்து குறித்த இடத்தில், நடுத்தர அளவில் கல் பதிக்கப்பட்டிருந்தது. அதை மூடியிருந்த திரை தையலக்கா தைத்தது. போதகர் சுருக்கமாக ஜெபித்தார். கண்ணைத் திறக்கக் கொஞ்சம் தாமதித்தார். பிறகு செயலாளர் பேசினார். நன்றி என்றால் என்ன என்று தொடங்கினார். நன்றி பிரதிபலன் பாராதது என்றார். காரணம் கேட்காதது, கணக்குப் பார்க்காதது, விளம்பரம் தேடாதது என்றார். விளம்பரம் தேடாதது என்று சொல்லும்போது கையைக் கல்லின் பக்கம் நீட்டினார். இப்படிப்பட்ட ஓர் உள்ளத்தை முதல் பார்வையிலேயே தாம் அடையாளம் கண்டுகொண்டதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. அது கண்டு முன்வரிசைக்கும் தழுதழுத்தது. வருங்காலச் சந்ததி இந்தக் கல்லின் முன்னால் நின்று பாடம் படிக்கும் என்று முடித்து, கயிற்றை இழுத்துத் திரையை விலக்கி, அந்தப் பணிவின் சிகரத்தை மேடைக்கு அழைத்தார்.

பலத்த கைதட்டல். எல்லோரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே யாரும் இல்லை. கண்டக்டருக்கு அன்று காலையிலிருந்து வயிற்றுப்போக்கு.